பாட்டி சொல்லாமல் போனதை மேமோகிராம் சொல்லுமா?

போன வருடம் அத்தைக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க, மலேசியாவின் ஈப்போ நகரத்துக்குப் போயிருந்தோம். எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் அத்தை அந்தப் பயணத்தை நான்கு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். கவுண்டரில் நிரப்புவதற்கு ஒரு பாரம் (படிவம்) கொடுத்தார்கள். முதல் மாதவிலக்கு எந்த வயதில் வந்தது, முதல் பிள்ளை எந்த வயதில் பிறந்தது, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு அத்தை இல்லை என்றார். நானும் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் திடீரென்று கேட்டார்: "ஏம்மா, எங்கம்மாவுக்கு மாருல ஒரு கட்டி இருந்துச்சு. அப்புறம் புண்ணாயிடுச்சு. வேப்பிலை அரைச்சுக் கட்டிக்குவாங்க. அதையெல்லாம் சேர்த்துச் சொல்லணுமா?"

என் பாட்டி காய்ச்சலில் இறந்தார் என்றுதான் இத்தனை வருடமும் எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் உதவியாளரான டிரஸர்தான் மருந்து கொடுத்தாராம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட விஷயம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்களாம். அத்தைக்கு அப்போது 11 வயது. அந்தப் புண்ணின் வாடையை மறைக்க வீட்டில் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது.

நான் போட்ட டிக் தப்பு. அந்தத் தப்பை வைத்துத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு எதிர்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட மருத்துவ உலகம் இத்தனை காலம் நம்பியிருந்தது இப்படிப்பட்ட பாரங்களைத்தான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் மிட்செல் கெயிலும் அவரது குழுவினரும் 1989-ல் வெளியிட்ட கணக்கு முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வயது, பூப்பெய்திய வயது, முதல் பிரசவத்தின் வயது, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ நோய் இருந்ததா, இதற்கு முன் மார்பில் சதை எடுத்துச் சோதித்திருக்கிறார்களா, எந்த இனத்தவர் என்ற விவரங்களைக் கேட்டு ஒரு சதவீதத்தைச் சொல்லும். பிறகு இங்கிலாந்தில் வந்த டைரர்-கியூசிக் முறை இன்னும் விரிவானது. பாட்டி, அத்தை, சித்தி வரைக்கும் விசாரிக்கும்.

அம்மாவுக்கு இந்த நோய் இருந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் அந்த ஒரு கேள்விக்குத் தவறான பதில் போனால் மொத்தக் கணக்கும் சரிந்துவிடுகிறது. நம் தோட்டத்துக் குடும்பங்களில் இரண்டு தலைமுறைக்கு முந்தைய மருத்துவ வரலாறு யாரிடம் இருக்கிறது? இறந்தவருக்கு என்ன நோய் என்று பரிசோதித்துச் சொல்ல ஆள் இல்லாத காலம் அது. தெரிந்தாலும் பெண்ணின் மார்பு சம்பந்தப்பட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள், மகள்களுக்குக் கல்யாணம் நிற்கும் என்ற பயம். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போன பிறகு, தெரிந்த ஒருசிலரும் சிதறிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் அந்த வரலாறே கிடையாது. ஆக, பாரத்தை ஒழுங்காக நிரப்பினாலும் அது பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை.

சரி, இது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம்? 2007 முதல் 2011 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சீனப் பெண்களில் 22 பேரில் ஒருவருக்கு, இந்தியப் பெண்களில் 24 பேரில் ஒருவருக்கு, மலாய்ப் பெண்களில் 35 பேரில் ஒருவருக்கு. நாம் சீனர்களுக்கு மிக நெருக்கத்தில் இருக்கிறோம். அடுத்து வந்த 2012 – 2016 பதிவேட்டில் என்னை உறுத்திய எண் வேறு: நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது 47.9 சதவீதப் பெண்கள் மூன்றாவது அல்லது நான்காவது கட்டத்தில் இருந்தார்கள். முதல் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம் 87.5 சதவீதம் என்றும், நான்காம் கட்டத்தில் 23.3 சதவீதம் என்றும் சுகாதார அமைச்சின் ஆய்வு சொல்கிறது. அதே நோய், அதே நாடு, அதே மருந்து. போய்ச் சேர்ந்த நேரம் மட்டும்தான் வேறு.

பாரத்தில் எழுதத் தெரியாததை உடம்பிடமே கேட்க முடிந்தால்? மேமோகிராம் படத்தை வைத்து வருங்கால ஆபத்தைக் கணிக்கும் முயற்சிகளின் அடிப்படைக் கேள்வி இதுதான்.

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே செய்யப்பட்ட எக்ஸ்ரே. மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சில விநாடிகள் அழுத்திப் படம் எடுப்பார்கள். "ரொட்டி சானாய் தட்டுற மாதிரி தட்டிட்டாங்க" என்றார் அத்தை. ஒவ்வொரு மார்புக்கும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக ஒன்று, மொத்தம் நான்கு படங்கள். அந்தப் படத்தில் கொழுப்பு கருமையாகத் தெரியும். பால்சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை எவ்வளவு அதிகமோ, அதை மார்பக அடர்த்தி என்கிறார்கள். கையால் தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மார்பின் அளவுக்கும் உறுதிக்கும் இதோடு சம்பந்தமில்லை. படம் எடுத்தால்தான் தெரியும்.

பாட்டிக்குத் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ஷீட் பார்க்கும் வேலை. காய்ந்து வந்த ரப்பர் ஷீட்டை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே தூசி, குமிழ், கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, இருந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார். தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் ஷீட்டில் ஒரு சின்னப் புள்ளிகூடத் தப்பாது. சரியாகக் காயாத ஷீட் உள்ளே வெள்ளையாக மங்கிக் கிடக்கும், அதில் எது இருந்தாலும் கண்ணுக்குப் படாது. மேமோகிராமிலும் இதே தொல்லைதான். புற்றுக்கட்டியும் வெள்ளை, அடர்த்தியான திசுவும் வெள்ளை. கொழுப்பு நிறைந்த மார்பில் கட்டி சட்டென்று தெரியும். அடர்த்தியான மார்பில் அது மறைந்துகொள்ளும்.

இப்படி மறைப்பது அடர்த்தியின் ஒரு முகம். இன்னொரு முகத்தை முதலில் அழுத்திச் சொன்னவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் ஜான் வுல்ஃப். 1976-ல் அவர் மார்பகப் படங்களை நான்கு வகையாகப் பிரித்து, நோய் இல்லாத நிலையில் எடுத்த படத்தின் வகையை வைத்தே பின்னாளில் யாருக்குப் புற்று வரும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம் என்றார். பலர் நம்பவில்லை. கட்டி முன்பே இருந்திருக்கும், வெள்ளையில் மறைந்திருக்கும், அவ்வளவுதான் என்றார்கள். டொரோண்டோவின் நார்மன் பாய்டும் மற்றவர்களும் பல வருடம் இதையே துருவிப் பார்த்தார்கள். பாய்ட் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் 75 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி உள்ள பெண்களுக்கு, 10 சதவீதத்துக்குக் குறைவாக உள்ளவர்களைவிட 4.7 மடங்கு ஆபத்து இருந்தது. படம் எடுத்துப் பல வருடம் ஆன பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. மறைந்திருந்த கட்டி மட்டுமே காரணம் என்றால் ஓரிரு வருடத்தில் அது வெளிப்பட்டு, வேறுபாடு அடங்கியிருக்க வேண்டும். ஆக, அடர்த்தி தன்னளவிலேயே ஓர் ஆபத்துக் காரணி.

இந்த 4.7 மடங்கைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். இது இரண்டு கோடியிலும் நிற்பவர்களை ஒப்பிட்ட எண். நம்மில் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி வகுத்த பை-ராட்ஸ் முறையில் அடர்த்திக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு படிகள். ஏ என்றால் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு, டி என்றால் மிக மிக அடர்த்தி. அமெரிக்கப் பெண்களில் 10 சதவீதம் போல ஏ, 40 சதவீதம் பி, 40 சதவீதம் சி, 10 சதவீதம் டி. ஏறக்குறைய பாதிப் பேருக்கு 'அடர்த்தி' என்றுதான் வரும். அது நோய் இல்லை, குறையும் இல்லை. வயது ஏற ஏற, மாதவிலக்கு நின்ற பிறகு, பிள்ளைகள் பெற்ற பிறகு அடர்த்தி பொதுவாகக் குறையும். ஹார்மோன் மாத்திரை எடுத்தால் கூடும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமொக்ஸிஃபென் மாத்திரை அதைக் குறைக்கும்.

அத்தையின் ரிப்போர்ட் ஒரு பழுப்பு உறையில் வந்தது. ஒரே பக்கம். கடைசியில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று இருந்தது. அத்தைக்கு அது போதும், சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டார். ஆனால் இரண்டாவது வரியில், அடர்த்தி சி, சிறு கட்டிகள் மறைந்திருக்கக்கூடும் என்றும் இருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து, மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய மார்பு அடர்த்தியானதா இல்லையா என்று எளிய மொழியில் எழுதித் தெரிவிப்பது நாடு முழுவதும் கட்டாயம். 2009-ல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கியது அது. வருடா வருடம் மேமோகிராமில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டு, பிறகு முற்றிய நிலையில் புற்று கண்டுபிடிக்கப்பட்ட நான்சி கப்பெல்லோ என்ற பெண்மணி விடாமல் போராடியதால் வந்த சட்டம். நம் அத்தைமார்களுக்கு அந்த இரண்டாவது வரியைத் தமிழிலோ மலாயிலோ வாயால் எடுத்துச் சொன்னாலே போதும். அதற்கு எந்தப் புதுக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் அடர்த்தி ஒன்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. அடர்த்தி அதிகமிருந்தும் கடைசிவரை நோயே வராதவர்கள் ஏராளம், ஏ வகையில் இருந்து நோய் வந்தவர்களும் உண்டு. ஒரு படம் முழுவதையும் நான்கே எழுத்துகளுக்குள் அடைத்தால் எவ்வளவோ விவரம் வெளியே நின்றுவிடுகிறது. திசு எப்படிப் பரவியிருக்கிறது, இடது வலது மார்புகளுக்கு இடையில் என்ன வித்தியாசம், இழைகள் எந்தப் பக்கம் இழுபடுகின்றன என்பதெல்லாம் அந்த எழுத்தில் வராது. இங்கேதான் கணினி உள்ளே வருகிறது.

அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருக்கும் ரெஜினா பார்சிலேக்கு 2014-ல் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர் தன் ஆராய்ச்சியையே இந்தப் பக்கம் திருப்பினார். ஆடம் யாலாவும் அவரும் மருத்துவர் கானி லீமனும் சேர்ந்து உருவாக்கிய 'மிராய்' என்ற செயற்கை நுண்ணறிவு 2021-ல் வெளியானது. ஜப்பானிய மொழியில் மிராய் என்றால் எதிர்காலம். பாஸ்டனில் உள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எடுத்த பழைய மேமோகிராம்களையும், அந்தப் பெண்களில் யாருக்குப் பின்னால் நோய் வந்தது என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான்கு படங்களையும் பார்த்து, அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லும்.

அதன் திறமையை அளந்த விதத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். பின்னாளில் நோய் வந்த ஒரு பெண், வராத ஒரு பெண் என்று ஒரு ஜோடி. இருவருடைய பழைய படங்களையும் காட்டி, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்க வேண்டும். காசு சுண்டிப் போட்டுச் சொன்னாலே 100 ஜோடியில் 50 சரியாக வரும். பாரத்தை நம்பிய பழைய கணக்குகள் பெரும்பாலும் 60-ஐ ஒட்டியே நின்றன. மிராய் பாஸ்டனில் 76, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 81, தைவானின் சாங் குங் மருத்துவமனையில் 79 சரியாகச் சொன்னது. தைவானின் எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெள்ளைக்காரப் பெண்களின் படங்களில் பெரும்பகுதி பழகிய ஒன்று ஆசியப் பெண்களிடமும் தடுமாறவில்லை.

அப்புறம், எங்கள் குடும்பக் கதைக்கு நேராக வந்து நிற்கும் ஒரு விஷயம். பூப்பெய்திய வயது, குடும்ப வரலாறு போன்ற பதில்கள் கிடைத்தால் மிராய் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால், அந்தத் தகவல்களைப் படத்திலிருந்தே ஊகித்துக்கொண்டு கணக்கை முடிக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். பாட்டி எதில் இறந்தார் என்று தெரியாத ஒரு பெண்ணையும் அது திருப்பி அனுப்பாது. 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கிளாரிட்டி பிரெஸ்ட் என்ற மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. வழக்கமான மேமோகிராம் படத்திலிருந்து ஐந்தாண்டு ஆபத்தைக் கணிக்க அங்கே அனுமதி பெற்ற முதல் செயற்கை நுண்ணறிவு அது. அதைத் தொடங்கியவரும் அதே லீமன்தான்.

அப்படி எதைத்தான் பார்க்கிறது அந்தக் கணினி? நார்வேயின் பரிசோதனைத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் படங்களை வைத்து 2024-ல் வந்த ஆய்வு கொஞ்சம் வெளிச்சம் காட்டுகிறது. புற்றைக் கண்டுபிடிக்க மட்டுமே பழக்கப்பட்ட வேறொரு மென்பொருளிடம் பழைய படங்களைக் கொடுத்தார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு 4 முதல் 6 ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலேயே, பின்னாளில் எந்தப் பக்கம் புற்று வந்ததோ அந்த மார்புக்கு அது கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தது. ஆகவே கணிப்பு என்று நாம் சொல்வதில் இரண்டு கலந்திருக்கிறது: இனிமேல் வரப்போவதற்கான மண்வாகு ஒன்று, ஏற்கெனவே விழுந்துவிட்ட, மனிதக் கண்ணுக்குப் படாத விதை இன்னொன்று. ஓரிரு வருடத்துக்குள் வரும் நோயைக் கணினி நன்றாகச் சொல்வதில் அந்த விதையின் பங்கு அதிகம். நோயாளிக்கு இரண்டுமே உதவிதான். ஆனால் ஒரு மருத்துவர் "உங்களுக்கு ஆபத்து அதிகம்" என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

எண்களைப் புரிந்துகொள்வதிலும் கவனம் தேவை. கெயில் முறையில் ஐந்தாண்டு ஆபத்து 1.67 சதவீதத்தை எட்டினாலே 'அதிக ஆபத்து' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதாவது அந்த நிலையில் உள்ள 100 பெண்களில் 98 பேருக்கு அடுத்த ஐந்து ஆண்டில் நோய் வராது. இதைச் சொல்லாமல் 'ஹை ரிஸ்க்' என்று மட்டும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால், எங்கள் ஊரில் அந்தப் பெண் அன்றிரவே சாப்பாட்டை விட்டுவிடுவாள். தாளைக் கொடுப்பவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசவும் கடமைப்பட்டவர் என்று நான் நினைக்கிறேன்.

மிராயை ஐந்து நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் சோதித்தார்கள்: அமெரிக்கா, இஸ்ரேல், ஸ்வீடன், தைவான், பிரேசில். மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை, தமிழ்நாடும் இல்லை. படம் எடுக்கும் கருவி மாறினாலே கணினி குழம்பக்கூடும் என்பதால், கருவியின் சாயலைப் புறக்கணிக்கவே அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியின் புதுக் கருவியும், சின்ன ஊர் மையத்தின் பழைய கருவியும் ஒரே மாதிரி படம் தரும் என்று நான் நம்ப மாட்டேன். அதனால் இங்குள்ள படங்களில், மூன்று இனத்துப் பெண்களிடமும், தனித்தனியாகச் சோதித்துப் பார்த்த பிறகே இங்கே கொண்டுவர வேண்டும். அதற்கான அடித்தளம் நம் நாட்டில் இருக்கிறது. கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் சுபாங் ஜெயா மருத்துவ மையமும் பல வருடங்களாக மலேசியப் பெண்களின் மரபணுவையும் மேமோகிராம் அடர்த்தியையும் சேர்த்து ஆராய்ந்து வருகின்றன.

ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் என்ன செய்வது? நெதர்லாந்தில் மிக அடர்த்தியான மார்பு உள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்கு, மேமோகிராமில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் திடீரென்று வெளிப்படும் புற்று, மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களில் 1,000 பேருக்கு 5 ஆகவும், எம்ஆர்ஐ-க்கு அழைக்கப்பட்டவர்களில் 2.5 ஆகவும் இருந்தது. பாதியாகக் குறைந்தது. எம்ஆர்ஐ நம் பக்கம் எளிதில் கிடைக்கும் சமாச்சாரம் இல்லை. ஆனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கிடைக்கும். படத்துக்கும் படத்துக்கும் இடைவெளியைக் குறைக்கலாம். மருத்துவர் சரியென்று நினைத்தால் தடுப்பு மாத்திரை பற்றிப் பேசலாம்.

நம் நாட்டில் எல்லாப் பெண்களையும் வரிசையாக அழைத்து மேமோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் கிடையாது. கிளினிக்குக்குப் போகும்போது மிஸி (நர்ஸ்) கேட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்பிபிகேஎன் 2007 முதல் மேமோகிராமுக்கு மானியம் கொடுக்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் பதிந்த தொழிலாளர்களுக்கு 2013 முதல் வந்த இலவசச் சுகாதாரப் பரிசோதனையில், 40 வயதான பெண்களுக்கு மேமோகிராமும் சேர்த்தி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அத்தைக்கும் அந்த உரிமை இருந்தது. ஒருநாள் லீவு போட்டால் அந்த மாதத்து அலவன்ஸ் போய்விடும் என்பதற்காக அவர் அதைத் தொடவில்லை.

இருக்கிற கருவியும் ஆளும் கொஞ்சம் என்னும்போது, யாரை முதலில் கூப்பிடுவது, யாரை அடிக்கடி கூப்பிடுவது என்பதுதான் கேள்வி. படத்தைப் படித்துச் சொல்லும் கணினி உதவக்கூடிய இடம் அதுதான் என்பது என் கருத்து. ஆனால் எடுக்காத படத்தை எந்தக் கணினியாலும் படிக்க முடியாது. அதனால் முதல் படத்துக்கான பஸ்ஸும், ஒருநாள் சம்பளமும், கூட வர ஓர் ஆளும் இதற்குமுன் தீர வேண்டிய விஷயங்கள்.

அதுவரை கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை சில உண்டு. ரிப்போர்ட் வந்ததும் கடைசி வரியோடு நிறுத்தாமல், அடர்த்தி எந்த வகை என்று கேளுங்கள். சி அல்லது டி என்றால் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். படத்தின் சிடியை வாங்கி வையுங்கள், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் உள்வாங்கினாலோ, காம்பில் ரத்தம் வந்தாலோ, போன மாதம் எடுத்த படத்தில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தாலும் உடனே போங்கள். ஆபத்துக் கணக்கு என்பது எந்தக் குறியும் இல்லாதவர்களுக்கானது.

அத்தைக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. அடுத்த படத்துக்குத் தேதியும் வாங்கிவிட்டோம். சிடியைப் பிஸ்கட் டின்னில், பிறப்புப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதோடு ஒரு தாளும் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது: "அம்மா. இடது மார்பில் கட்டி, பிறகு புண். வயது ஏறத்தாழ 45. டாக்டரிடம் காட்டவில்லை." அத்தை மகளுக்கு அடுத்த வருடம் 40 ஆகிறது. பாரம் நிரப்பும்போது அவள் அந்தத் தாளை எடுத்துப் போவாள்.